மணல் பீப்பாயும் இடியப்பப் பெட்டியும்

எழுபதுகளின் நடுப்பகுதி. நவராத்திரி நடந்துகொண்டிருந்த நாட்கள். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு சாமான் கிடங்கின் பின்வாசலில், இரவுக் காவல் முடிந்து பகல் காவல் தொடங்கும் காலை வேளையில் இது நடந்தது. நான் அந்தக் கிடங்கில் காவலாளியாக இருந்தேன்.

சிறு வயதிலிருந்தே நான் பெரிய கூச்சக்காரன். நிலாவெளி பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கட்டும் என்று அடுத்த தரிப்பு வரைக்கும் போய்விட்டு, திரும்பி நடந்து வருவேன். இப்படிப்பட்ட எனக்குக் காவலாளி வேலை எடுத்துக் கொடுத்தவர் என் மனைவியின் தமையன். அவரும் அதே கிடங்கில்தான் வேலை செய்தார். என் மனைவி கூப்பிடுவதைப் போலவே நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

முதலில் எங்கள் கையில் தடியும் டோர்ச் லைட்டும்தான் இருந்தன. பிறகு துறைமுகப் பக்கம் களவு கூடியதால், எங்கள் கிடங்குக்கும் சில துவக்குகளைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிகள்; துவக்கு என்றுதான் நாங்கள் சொல்வோம். பின்பக்கத்தில், கதவுத் தாழ்ப்பாள் போல, இழுத்துத் தள்ளுகிற ஓர் இரும்பு இருக்கும். அதைப் போல்ட் என்போம். அதைப் பின்னுக்கு இழுத்தால் குழலின் வாய் திறக்கும். முன்னுக்குத் தள்ளினால் மூடும். கீழே ரவைகள், அதாவது குண்டுகள், அடுக்கிய கூடு மாட்டியிருந்தால், முன்னுக்குத் தள்ளுகிற நேரம் அந்தக் கூட்டிலிருந்து ஒரு ரவையையும் சேர்த்துக் குழலுக்குள் தள்ளிவிடும். விபத்து முழுவதும் ஒளிந்திருப்பது இந்த இடத்தில்தான்.

எங்களுக்குப் பழக்க வந்தவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களவர். அவர் சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னவர், எங்களோடு வேலை செய்த கிண்ணியாக்காரர் ஒருவர். என்னைவிட ஓரிரு வயது மூத்த முஸ்லிம். எல்லாரும் அவரை நானா என்போம். வாய் ஓயாத மனிதர். நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

துவக்கை வெறுமையாக்க வேண்டுமென்றால் முதலில் ரவைக் கூட்டைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும் என்று பழக்குபவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானா அதை எங்களுக்குச் சொன்ன விதம் வேறு.

"முதல்ல சோத்துப் பானையை இறக்கி அங்கால வெச்சிட்டுத்தான் இவன்ட வாயைத் திறக்கணும். பானை பக்கத்தில இருக்கக்குள்ள வாயைத் திறந்தா ஒரு பிடி திண்டுட்டுத்தான் மூடுவான். விளங்கிச்சா?"

எல்லாருக்கும் சிரிப்பு. ஆனால் விளங்கியது.

வாயைத் திறந்த பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். கண் ஏமாற்றும் என்பதால் சின்ன விரலை உள்ளே விட்டும் பார்க்க வேண்டும். பிறகு மூடி, பின்வாசலில் மணல் நிரப்பி வைத்திருந்த இரும்புப் பீப்பாய்க்குள் குழலை நீட்டி, விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே இறுகியிருக்கும் சுருள் வில்லைத் தளர்த்த வேண்டும். ஏதாவது தவறிப்போய் ரவை இருந்தாலும் மணல் அதை வாங்கிக்கொள்ளும். கொடுக்கிறவர் இதைச் செய்துவிட்டுக் கொடுப்பார். வாங்குகிறவர், கொடுத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல், தானும் முதலிலிருந்து அவ்வளவையும் செய்ய வேண்டும். அதுதான் சட்டம்.

எழுதுவதற்கு இலகுவாக இருக்கிறது. செய்வதில்தான் எங்கள் ஆட்களுக்குச் சங்கடம். முதல் கிழமையில் அண்ணை என் கையில் துவக்கைத் தந்தபோது, பழக்கியபடியே நான் போல்ட்டை இழுத்துப் பார்த்தேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்ர தங்கச்சியையே உன்னை நம்பித் தந்தனான். நான் தாற ஒரு துவக்கை உன்னால நம்பேலாதோ?"

பகிடியாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதற்குப் பிறகு அண்ணை தருகிற துவக்கை நான் திறந்து பார்த்ததே இல்லை. தருவார், வாங்கிக்கொள்வேன். மற்றவர்களும் தங்களுக்கு மூத்தவர்களிடம் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். நானா மட்டும் விதிவிலக்கு. யார் தந்தாலும் திறந்து, விரல் விட்டு, பீப்பாய்க்குப் போய் வருவார். "இவருக்குச் சந்தேக வருத்தம் பிடிச்சிருக்கு" என்பார்கள். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்தப் பீப்பாய்க்கும் ஒரு கதை உண்டு. பின்வாசலில் காலையில் இடியப்பம் விற்க ஒரு அக்கா வருவார். அங்கே மட்டமாக, இடுப்பு உயரத்துக்கு இருந்த ஒரே பொருள் அந்த மணல் பீப்பாய்தான். அக்கா அதன்மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, இடியப்பப் பெட்டியையும் சம்பல் சட்டியையும் வைப்பார். "என்ர மேசையை இடிக்காதையுங்கோ" என்று காவலாளிகளையே அதட்டுவார். காவல் மாறுகிற நேரத்தில் கேட்டால் எடுத்துவிடுவார்தான். ஆனால் சூட்டோடு விற்பனை நடக்கும்போது அவரிடம் போய்க் கேட்கப் பலருக்கும் மனம் வருவதில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். திருகோணமலையில் நவராத்திரி என்றால் கும்பக் காலம். தலையில் கும்பத்தோடு தெருத் தெருவாக ஆடி வருவார்கள். அந்த வருடம் அண்ணை கும்பம் எடுத்திருந்தார். விரதம் வேறு. கும்பம் எடுப்பவரை அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. முந்தின நாள் பொழுதுபட்டதிலிருந்து ஆடிவிட்டு, கும்பத்தை இறக்கிய கையோடு நேரே இரவுக் காவலுக்கு வந்திருந்தார். காலையில் நான் போனபோது கண் சிவந்து, குரல் அடைத்து, நெற்றியில் மஞ்சள் காய்ந்துபோய் நின்றார்.

இடியப்ப அக்கா அவரை விடவில்லை.

"கும்பக்காரர், ராத்திரி எங்கட ஒழுங்கையில அந்த ஆட்டம் ஆடினீங்கள். இப்ப என்ன ஆடுறீங்கள்?"

"இப்ப நித்திரைதான் ஆடுது, அக்கா."

இரண்டு தொழிலாளர்கள் தட்டோடு நின்று இடியப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானாவுக்கும் எனக்கும் அன்று பகல் காவல். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மர வாங்கில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணை துவக்கோடு பீப்பாயை நோக்கி வந்தார். அக்கா பெட்டியில் கை வைத்து, "எடுக்கட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம், இருக்கட்டும். சூடு ஆறிப்போகும்" என்று அண்ணை மற்றப் பக்கம் திரும்பினார். போல்ட்டை ஒருமுறை இழுத்துத் தள்ளினார். பிறகு ரவைக் கூட்டைக் கழற்றினார். இரண்டையும் என் கையில் தந்தார்.

"வெறும் துவக்கு. பிடி."

சொல்லிவிட்டு, சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் இருந்த தண்ணீர்க் குழாயடிக்குப் போய்க் குனிந்தார்.

அவர் செய்தது முன்பின்னாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அண்ணையின் கையைச் சந்தேகத்தோடு பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லாமல் போயிருந்தது. கூடு என் இடது கையில். துவக்கு வலது கையில். விசையை அழுத்தி வில்லைத் தளர்த்திவிட்டுக் கூட்டை மாட்ட வேண்டும். பீப்பாய் மேல் பெட்டி. "அக்கா, கொஞ்சம் எடுங்கோ" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்ற எண்ணத்தில் அந்தச் சொல்லைச் சொல்லாமலே விட்டேன். வெறும் துவக்குத்தானே என்று குழலை மற்றப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் குழாயடி. விரல் விசைக்குப் போய்விட்டது.

"பொறுங்க தம்பி."

நானா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திடுக்கிட்டு அழுத்தியிருப்பேன். பக்கத்தில் இருப்பவரிடம் சீனி கேட்பது போல ஒரு குரல். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். குழலுக்கு முன்னால் வராமல், எனக்குப் பின்னால் சுற்றி வந்தார். உள்ளங்கையைக் குழலின் மேல் வைத்து, நிலத்தைப் பார்க்கும்படி மெல்லப் பதித்தார்.

"விரலை வெளிய எடுங்க. ஆ, அப்பிடித்தான். இப்ப என்ட கையில தாங்க. அக்கா, ஒங்கட பெட்டியைத் தூக்கிட்டுக் கொஞ்சம் அங்கால போங்க."

அவர் குரலில் என்ன இருந்ததோ, அக்கா மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் தூக்கினார். நானா பலகையைத் தள்ளிவிட்டுக் குழலைப் பீப்பாய் மணலுக்கு நேரே பிடித்தார். சத்தம் கேட்டு அண்ணை குழாயடியிலிருந்து திரும்பினார். முகம் முழுக்கச் சவர்க்கார நுரை.

"என்ன நானா? வாங்கினவரே பேசாமல் நிக்கிறார். உமக்கென்ன சந்தேகம்?"

"சந்தேகம் இல்ல அண்ணன். எனக்கு விசர் புடிச்சிருக்கு எண்டு வெச்சுக்கங்களேன்."

சொல்லிக்கொண்டே போல்ட்டை இழுத்தார்.

ஒரு ரவை துள்ளி வெளியே வந்தது. பீப்பாயின் விளிம்பில் ணங் என்று பட்டு, அக்காவின் காலடியில் விழுந்தது.

இறங்குதுறைப் பக்கம் மூதூர் லாஞ்ச் புறப்படுகிற சத்தம் கேட்டது. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "அம்மாளாச்சி" என்று சொல்லிக்கொண்டு அக்கா பெட்டியோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அண்ணை நுரையோடு வந்து அந்த ரவையைப் பார்த்தார்.

"தம்பி, நீ எங்க நிண்டனி?"

நான் நின்ற இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தைப் பார்த்தார். குழாயடியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தினார். நுரை கண்ணுக்குள் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

நானாவுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். அவர் எதையும் காணவில்லை. முதுகுதானே எங்கள் பக்கம் இருந்தது. காதில் விழுந்ததாம். வாய் திறந்து மூடுகிற சத்தம் முதலில், பானை இறங்குகிற சத்தம் பிறகு. "வழமையா வாற மாதிரிக் கேக்கல்ல. நிச்சயம் எண்டும் சொல்ல ஏலாது. பிழையா இருந்தா அண்ணன் ஏசுவார், ஏசட்டும் எண்டு எழும்பினன்" என்றார்.

அதை மறைத்துவிட்டிருக்கலாம். வெடிக்கவில்லை, காயமில்லை. ஆனால் நானா சம்மதிக்கவில்லை. "நான் போய்ச் சொல்லமாட்டன், அண்ணன். நீங்களாப் போய்ச் சொல்லுங்க. சொல்லாம விட்டா நாளைக்கு இது இன்னொருத்தர்ட கையில நடக்கும்" என்றார். அண்ணை முகத்தைக் கழுவிக்கொண்டு, மேலதிகாரியின் அறைக்குத் தானே போனார். என்னையும் நானாவையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்து, "நீ ஏன் திறந்து பார்க்கவில்லை?" என்று கேட்டார். காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்காக நானா பேசினார்.

"ஐயா, அவர் இவர்ட பொஞ்சாதிர அண்ணன். திறந்து பார்த்தா அவரைப் பொய்யன் எண்டு சொல்ற மாதிரி. நம்மட ஆக்கள் எல்லாருக்கும் இது இருக்கு. என்ட மாமனார் தந்தா எனக்கும் கை வராது. வாங்கிறவன் கேக்கணும் எண்டு வெச்சா ஒருத்தனும் கேக்கமாட்டான். குடுக்கிறவனே வாயைத் திறந்து நீட்டட்டும். வாங்கிறவன் விரல் விட்டுப் பார்த்து 'சரி' எண்டு சொன்னாத்தான் குடுத்தவன் வீட்ட போகலாம். அப்பிடி ஒரு ஓடர் போடுங்க, ஐயா. ஓடர் எண்டா யாருக்கும் ரோசம் வராது."

அதிகாரி அன்றைக்கே அப்படி உத்தரவு போட்டார். அண்ணைக்கு வேலை போகவில்லை. ஒரு மாதம் துவக்கில்லாத வாசல் காவல். பிறகு புதிதாகப் பழகிவிட்டுத்தான் துவக்கைத் தொடலாம் என்றார். பீப்பாய்க்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தார்கள். அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. அக்காவின் பிழைப்பும் கெடவில்லை. உடைந்த சாமான் பெட்டிப் பலகைகளைக் கொண்டு அண்ணையே அவருக்கு ஒரு மேசை அடித்துக் கொடுத்தார். "கால் ஒண்டு கட்டை. நித்திரையில அடிச்சீங்களோ?" என்று அக்கா கேட்டபோதுதான், நாலைந்து நாளைக்குப் பிறகு அண்ணை சிரித்ததைக் கண்டேன்.

ரவை விழுந்த அன்று மாலையே வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் எடுத்தது. அவள் அழவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, "வெடிச்சிருந்தா நான் ஆருக்காக அழுறது? அண்ணைக்கோ, கொலைக் கேஸில மறியலுக்குப் போற உங்களுக்கோ?" என்று கேட்டாள். விடிந்ததும், "நானா வீட்ட போட்டு வாங்கோ. வெறுங்கையோட போகாதையுங்கோ" என்றாள்.

பக்கத்து ஊரான சல்லியின் கரைக்குப் போய், வலையிலிருந்து எடுத்த ஒரு பெரிய பாரை மீனை வாங்கிக்கொண்டு, துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். தண்ணீரைக் கடக்கிற நேரமெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நானா வீட்டில் கதிரை போட்டு இருக்கச் சொன்னார்கள். மீனை நீட்டினேன். சொல்லிப் பார்த்ததில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. நானா என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"இதுக்கும் வாய் திறந்திருக்கு, சத்தம் இல்ல. ஒங்களுக்கும் அப்பிடித்தான். நல்ல சோடியாத்தான் வந்திருக்கிறீங்க" என்று சிரித்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி, "புள்ள, தம்பி சாப்பிட்டுட்டுத்தான் போவார்" என்று சத்தம் போட்டார். அவர் மனைவி அந்த மீனிலேயே பாதியைப் பொரித்து எனக்குப் போட்டார். சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் துவக்குப் பற்றி நானா ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எனக்குச் சொல்ல ஏலாமல் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வைத்து என்னை வருத்த அவர் விரும்பவில்லை. அதுவும் எனக்கு அவர் செய்த ஓர் உதவிதான்.

ஒரு மாதம் கழிந்தது. அண்ணை மறுபடி துவக்கோடு இரவுக் காவல் செய்த முதல் நாள். காலையில் நான் போனபோது, அவர் சிவப்புப் பீப்பாய்க்குப் பக்கத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ரவைக் கூட்டை ஏற்கனவே கழற்றித் தனியாக வைத்திருந்தார். போல்ட்டை முழுவதும் பின்னுக்கு இழுத்து, குழலை மணலுக்கு நேரே பிடித்து, திறந்த வாயை என் பக்கம் காட்டினார்.

நான் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

"தலையாட்டினா காணாது. விரலை விட்டுப் பார்."

விரலை விட்டேன். எண்ணெயும் குளிர்ந்த இரும்பும்தான் பட்டன.

"இப்ப வாயால சொல்லு."

பக்கத்தில் அக்காவும், இடியப்பம் வாங்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அவ்வளவு பேர் கேட்க, சத்தமாக, "சரி, அண்ணை" என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

பிறகு நானா வேலையை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் வயல் செய்யப் போய்விட்டார். நானும் இப்போது அந்தக் கிடங்கில் இல்லை. அவரைக் கண்டு கன காலம். வாயால் சொல்ல வராததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவர் கண்ணில் பட்டால் சந்தோஷம்.

இன்றைக்கும் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து, தன் தங்கச்சியோடு பெரிய சத்தமாகக் கதைத்துச் சிரிக்கும்போது, நான் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று ஒரு மனிதர் அன்று எழும்பி வந்ததால்தான் அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் இன்னும் கேட்கிறது என்ற நினைப்பு எனக்கு ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை.